கடலடி மக்களின் பாதிப் பெயர்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் பாதி. இருவர் சேர்ந்து சொன்னால் முழுசு. ஒருவரே முழுசாகச் சொன்னால் அவர் நம்மவர் இல்லை. அது என்ன?

தெரியாவிட்டால் பரவாயில்லை. கதைக்குள் விடை வரும்.

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் வாய் திறந்து பேசிய நாளில், கடலுக்கு அடியில் ஓர் இனத்து மக்கள் வாழ்ந்தார்கள். மீன்கள் அவர்களைக் ‘கைக்காரர்கள்’ என்றன. நண்டுகள் ‘நேராக நடப்பவர்கள்’ என்று கேலி செய்தன. கரையில் நின்ற கொக்கு ‘எட்டாதவர்கள்’ என்று சொல்லிப் பெருமூச்சு விட்டது.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு. ‘ஆழம் அறிந்தோர்’ என்பது அது. ஆனால் அதை யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். இருவர் சந்தித்தால் உள்ளங்கையோடு உள்ளங்கை வைப்பார்கள். ஒருவர் “ஆழம்” என்பார். மற்றவர் “அறிந்தோர்” என்று முடிப்பார். தொடங்கியதை முடிக்காமல் விடுவது, வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் போன்ற அவமரியாதை.

அந்த மக்களின் குழந்தைகள் முட்டையிலிருந்து பிறந்தார்கள். முட்டைகள் எல்லாம் ஒரு குகையில் இருந்தன. குகைக்குக் காவல் திரையன். அவனுடைய மகள் சிலும்பிக்கு ஒன்பது வயது.

ஓர் ஆடி மாதம், கடல் கலங்கிச் சேறாகிவிட்டது. கை நீட்டினால் கை தெரியும், முகம் தெரியாது. அந்த நாட்களில்தான் முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின.

ஊர் கூடியது. “யாரை உள்ளே விட்டாய்?” என்று கேட்டார்கள்.

“பெயர் சரியாக முடிந்தவர்களை மட்டும்தான் விட்டேன். ஒவ்வொருவரோடும் கை வைத்தேன்” என்றான் திரையன்.

“அப்படியானால் முட்டையைத் தின்பது நம்மில் ஒருவர்” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அந்தப் பேச்சு விழுந்ததும், பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். அதன் பிறகு யாராவது ஏப்பம் விட்டால் பத்துத் தலைகள் திரும்பின. இயல்பிலேயே தொப்பை உள்ள ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாளும் முட்டை போனது. திரையனின் அக்கா ஓதினி, அந்தக் கலங்கலிலும் முகம் தெரியும் அளவுக்கு அவனெதிரே நெருங்கி வந்து நின்றாள்.

“தம்பி, ஊரே கவலையில் இளைத்துக் கிடக்கிறது. உன் கன்னம் மட்டும் உப்பலாக இருக்கிறதே.”

“அக்கா, நீயுமா?”

“நான் சொன்னால் என்ன, ஊர் சொன்னால் என்ன? நாளைக்கும் ஒரு முட்டை குறைந்தால் நீ சுறாப்பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டியதுதான்.”

சுறாப்பாறைக்கு அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

மறுநாள் விடிந்ததும் சிலும்பி குகை வாசலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகிற எல்லோரையும் பார்த்தாள். அப்பாவையும்தான் பார்த்தாள். அவர் என்ன மெல்லுகிறார் என்று எட்டிக்கூடப் பார்த்தாள். வெறும் பாசி.

முதலில் ஓதினி அத்தை வந்தாள். “இன்றைக்கு நானே உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றாள். “ஆழம்” என்றாள். அப்பா “அறிந்தோர்” என்றார். அத்தை உள்ளே போனாள்.

சற்று நேரம் கழித்து, கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. “ஆழம்” என்றது ஒரு குரல். அது அத்தையின் குரல். கையும் அத்தையின் கை.

அப்பா வாய் திறந்தார். சிலும்பி எட்டி அவருடைய வாயைப் பொத்தினாள்.

“அத்தை உள்ளே இருக்கிறாள், அப்பா” என்று காதோடு சொன்னாள்.

“ஆழம்” என்றது குரல், மறுபடியும். “என்ன தம்பி, வாயில் முட்டையா? பதிலையே காணோம்?”

திரையன் அவள் கையை விலக்கப் பார்த்தான். முடிக்காமல் விட்ட பெயர் அவன் நாக்கில் முள்ளாகக் குத்தியது. சிலும்பி கையை எடுக்கவில்லை. இத்தனை நாளும் வந்தவர் பாதியைச் சொல்ல, மீதியை அப்பாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அத்தை. மீதியையும் நீங்களே சொல்லிவிட்டு உள்ளே போங்கள்” என்றாள்.

நிஜ அத்தையாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.

“இவ்வளவுதானே?” என்றது குரல். “ஆழம் அறிந்தோர்.”

திரையன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். பிடித்த கை பத்தாகப் பிரிந்தது. அத்தையின் நிறம் போய் மணல் நிறம் வந்தது, பிறகு பாசி நிறம், பிறகு பவள நிறம். பயத்தில் கறுப்பு மையை உமிழ்ந்துவிட்டு வழுக்கி ஓடியது. அது கணவாய் மீன்.

சத்தம் கேட்டு ஓதினி குகையிலிருந்து வெளியே வந்தாள். ஊரும் வந்தது. திரையனைப் பார்த்ததும் எல்லோரும் தலை குனிந்தார்கள்.

ஆனால் பெயர் போய்விட்டது. அந்நிய வாய் ஒன்று அதை முழுசாகச் சொல்லிவிட்டது. “புதுப் பெயரை நீயே வை” என்று சிலும்பியிடம் சொன்னார்கள்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். வாயால் சொல்வதை இன்னொரு வாய் எடுத்துக்கொள்ளும். அதனால் அவள் வாயால் சொல்லவில்லை. அப்பாவின் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் தட்டினாள். எந்த விரல், எத்தனை தட்டு என்பது அந்த மக்களுக்கு மட்டும்தான் தெரியும். வருகிறவர்தான் தட்ட வேண்டும். வாசலில் இருப்பவர் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். பிறகு வரிசையாக ஒவ்வொரு கையிலும் தட்டிக் கற்றுக்கொடுத்தாள்.

அன்று முதல்தான் கடலடியில் பேச்சுச் சத்தமே இல்லை. அன்று முதல்தான் கணவாய் நிறத்தை மாற்றி மாற்றி அலைகிறது. யாராவது தன் கையிலும் அந்தப் பெயரைத் தட்டிவிட மாட்டார்களா என்று நீட்டி நீட்டியே, அதன் கைகளில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நீளமாகிவிட்டன.

அன்றைக்கு வரிசையில் கடைசியாக ஒரு கை மிச்சம் இருந்தது. தண்ணீரில் மை இன்னும் தெளியவில்லை.

“எனக்கும் சொல்லிக் கொடுடி, கண்ணு” என்றது ஓதினி அத்தையின் குரல்.

சிலும்பி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். அத்தையின் கையைப் போலத்தான் இருந்தது. முன்பு வந்த கையும் அப்படித்தான் இருந்தது.

அவள் தட்டவில்லை.