கரடி காட்டிய நிழல்படம்

மூங்கில் காட்டில் தும்பன் என்றொரு கரடி இருந்தது. அது குட்டியாக இருந்தபோது, பெரிய வெள்ளம் வந்தது. அதன் அம்மா அதை முதுகில் சுமந்து நீந்திக் கரை சேர்த்தாள். அந்தக் கதையைக் காடே பார்க்கும்படி நிழல்படமாகக் காட்ட வேண்டும் என்பதுதான் தும்பனின் ஆசை.

மேற்குப் பார்த்த பாறைதான் திரை. மாலை வெயில்தான் விளக்கு. தேக்கிலைகளைப் பல்லால் கடித்துக் கடித்து உருவங்கள் செய்தது தும்பன். தேன் குடிக்கக்கூடப் போகவில்லை.

செய்யச் செய்ய ஆசை பெருகியது. கதைக்குள் ஒரு யானைப் போர் வந்தது. பறக்கும் முதலை வந்தது. நிலாவுக்கும் நண்டுக்கும் கல்யாணம் நடந்தது. பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அத்தனையையும் தும்பனே பாடியது.

படம் காட்டும் நாளும் வந்தது. யானைப் போர் முடிவதற்குள் குரங்குகள் கொட்டாவி விட்டன. முதலை பறந்தது, பறந்தது, பறந்துகொண்டே இருந்தது. நடுவில் கொஞ்ச நேரம் அம்மாக் கரடி வெள்ளத்தில் நீந்தினாள். அப்போது மான்கூட அசைபோடுவதை நிறுத்தியது. உடனே கல்யாணப் பாட்டு தொடங்கிவிட்டது. பாட்டு முடிவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. மிச்சப் படம் இருட்டிலேயே ஓடி முடிந்தது.

தும்பனின் உயிர்த்தோழி ஊசி என்ற முள்ளம்பன்றி. தும்பன் முதலில் அதனிடம்தான் ஓடியது. "எப்படி இருந்தது?"

"அம்மா வந்த இடத்தில் அழுதுவிட்டேன். மற்ற இடங்களில் தூங்கிவிட்டேன்."

தும்பனுக்குச் சுருக்கென்றது. "உனக்குக் குத்த மட்டும்தான் தெரியும். இனி என் குகைப் பக்கம் வராதே."

அடுத்து முயலிடம் போனது.

"பிரமாதம் அண்ணே. அதிலும் அந்த முடிவு இருக்கிறதே, கண்ணுக்குள்ளேயே நிற்கிறது."

தும்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. சட்டென்று திரும்பியது. "முடிவுதான் இருட்டில் போய்விட்டதே. நீ எதைப் பார்த்தாய்?"

முயல் காதைச் சொறிந்தது. "உங்கள் மனசு நோகக் கூடாதே என்றுதான்..."

தும்பன் மானைக் கேட்டது. "உனக்கு எந்த இடம் பிடித்தது?"

"எல்லா இடமும்."

"ஒன்றைச் சொல்லேன்."

மான் நெடுநேரம் யோசித்தது. "தேக்கிலை நல்ல வாசனை."

தும்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊசியின் வளைக்குப் போனது. ஊசி கோபிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

"யானைப் போர் வேண்டாமா?" என்றது தும்பன்.

"வேண்டாம்."

"முதலை?"

"அது தண்ணீரிலேயே இருக்கட்டும்."

"கல்யாணமாவது?"

"நிலாவும் நண்டும் நன்றாக இருக்கட்டும். நம் கதையில் வேண்டாம்."

"ஒரு பாட்டு மட்டும்?"

"குயில் பாடினால் சரி."

தும்பனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. விடிந்ததும் இரண்டுமாக உட்கார்ந்து தேக்கிலையில் வெள்ளத்துக்குப் புதிய அலைகள் கடித்தன.

அடுத்த பௌர்ணமி நாள் மாலையில் இரண்டும் மறுபடி படம் காட்டின. அம்மாக் கரடி அலையில் மூழ்கினாள். காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் தலை மேலே வந்ததும் கிழட்டுக் காட்டெருமை, "நீந்து தாயே, விட்டுவிடாதே!" என்று கத்திக்கொண்டு பாறையை நோக்கி ஓடியது. குட்டி கரையேறியபோது குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி ஆடின. தும்பன் ஊசியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடியது. முள் குத்தியதை அது பொருட்படுத்தவே இல்லை.

மனம் குளிரப் புகழ்கிறவர்களைவிட, நம் மனம் நொந்தாலும் குறையைச் சொல்கிறவரே நம் உழைப்பை உண்மையாக மதிப்பவர்.