மரங்கொத்தி சொல்லாத கூலி

ஆற்றோரக் காட்டில் கொண்டையன் என்றொரு மரங்கொத்தி வாழ்ந்தது. பொந்து குடையவும், பழைய பொந்தைச் சீர்செய்யவும் அதை விட்டால் அந்தக் காட்டில் வேறு ஆள் கிடையாது.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், கொண்டையைச் சிலுப்பிக்கொள்ளும்.

"நமக்குள்ள என்ன கணக்கு! முதல்ல வேலை முடியட்டும். பார்த்துக் கொடுங்க!"

கூலியை வாய்விட்டுச் சொல்வது சின்னத்தனம் என்று கொண்டையன் நினைத்தது. ஆனால் மனத்துக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு இருக்கும். அதற்குக் குறைந்தால் முகம் வாடிவிடும்.

ஒரு நாள் இருவாச்சிப் பறவை ஒன்று அதைத் தேடி வந்தது. இருவாச்சிகளின் முறையே தனி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சு வளரும் வரை ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் உணவு.

"அண்ணே, வீட்டுக்காரி உள்ளே போற நேரம் வந்தாச்சு. பொந்தோட வாய் குறுகிக் கிடக்கு. கொஞ்சம் அகலமாக்கித் தரணும். எவ்வளவு அத்திப்பழம் ஆகும்?"

"அட, நீ வேற! நமக்குள்ள என்ன கணக்கு!"

"இல்லண்ணே. அவ உள்ளே போயிட்டா எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இப்பவே சொன்னீங்கன்னா முன்னாடியே கொடுத்துடுவேன்."

"பார்த்துக் கொடு தம்பி, போ!"

கொண்டையன் பொந்தின் வாயை அகலமாக்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் தரை முழுவதும் உளுத்துக் கிடந்தது. எடுத்த வேலையைப் போல இரண்டு மடங்கு வேலை! இருவாச்சியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'முடித்துவிட்டுக் காட்டினால் அசந்து போவான்' என்று நினைத்து, பேசாமல் கொத்தித் தள்ளியது.

பெண் பறவை உள்ளே போனது. வாசல் அடைபட்டது. பூசிய மண் காய்ந்து கல்லானது. இருவாச்சி தொண்டை நிறையப் பழம் சுமந்து வந்து கொண்டையன் முன்னால் கொட்டியது.

"இவ்வளவுதானா?"

"வாசல் வேலைக்கு இது போதும்னு நினைச்சேண்ணே."

"வாசலா! உள்ளே தரையே உளுத்துப் போயிருந்துச்சு. அதையெல்லாம் வழிச்சுப் போட்டது யாரு, உங்க தாத்தாவா?"

"ஐயோ, நீங்க சொல்லவே இல்லையே!"

"சொன்னாத்தான் தெரியுமா? சரி, போ. பார்த்துக் கொடு!"

இருவாச்சி மறுநாளும் பழம் கொண்டுவந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. "போதுமாண்ணே?" என்று கேட்டது.

"உன் மனசுக்குத் தெரியாததா!" என்றது கொண்டையன்.

மேல்கிளையிலிருந்த மலையணில் கேலி செய்தது. "கொண்டையா, உன் கூலி தீர்றதுக்குள்ள பொரியப்போற குஞ்சுக்குக் கல்யாணமே ஆயிடும்!"

கொண்டையனும் சேர்ந்து சிரித்தது. நாட்கள் போய், பொந்துக்குள் குஞ்சும் பொரிந்தது. அருகிலிருந்த அத்திமரங்கள் காய்த்து ஓய்ந்தன. இருவாச்சி இன்னும் தொலைவுக்குப் பறந்தது. கொண்டையனின் பொந்திலோ பழங்கள் தின்று தீராமல் புளித்துக்கொண்டிருந்தன.

ஒரு காலை, மழை விட்டதும், தான் சீர்செய்த பொந்தில் தண்ணீர் இறங்கியதா என்று பார்க்கக் கொண்டையன் போனது. மரப்பட்டையில் அதன் நகம் உரசியதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? மரங்கொத்தி அண்ணனுக்குக் கொடுத்தாச்சா? முதல்ல அவருக்குக் கொடுங்க. பாடுபட்டவர் மனசு நோகக் கூடாது. மீதி இருந்தா எனக்குப் போதும். குஞ்சுதான் கத்திக் கத்தி ஓய்ஞ்சு போச்சு."

கீறலின் வழியே ஓர் அலகு நீண்டது. நீண்டு, திறந்து, காத்திருந்தது.

கொண்டையனின் வாயில் ஒன்றும் இல்லை. அந்தத் திறந்த அலகின் முன்னால் அதற்கு நிற்கவும் முடியவில்லை, பறக்கவும் முடியவில்லை. தன் பொந்தில் புளித்துக் கிடக்கும் பழங்களின் வாடை மூக்கில் ஏறியது. கொண்டை தானாகச் சரிந்தது.

பிறகு பறந்தது. இருவாச்சி போகிற திசையிலேயே போனது. காய்த்த அத்திமரம் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது. ஒற்றைப் பழத்தைக் கவ்விக்கொண்டு, இறக்கை துவளத் திரும்பி வந்து, கீறலில் ஊட்டியது.

"இன்னிக்கு என்னங்க, உங்க அலகு இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றது உள்ளிருந்த பறவை.

கொண்டையன் கீறலிலிருந்து விலகியது. திரும்பிப் பார்த்தால், தொண்டை நிறையப் பழத்தோடு இருவாச்சி பின்னால் நின்றது.

"அண்ணே, இப்பத்தான் உங்ககிட்ட வரலாம்னு..."

"வேண்டாம் தம்பி! எல்லாத்தையும் உள்ளே கொடு. என் கூலி என்னைக்கோ தீர்ந்துபோச்சு."

இருவாச்சி பழங்களைக் கீறலில் ஊட்டிவிட்டுத் திரும்பியது. "என்னைக்கோவா? அந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றது. அதன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொண்டையனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

குஞ்சு பறக்கும் வரை கொண்டையனும் பழம் சுமந்தது. அதன் பிறகு, எந்த மரத்திலும் முதல் கொத்து விழுமுன் நின்று, "வேலை இது, கூலி இது. உள்ளே உளுத்திருந்தா உங்களைக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் மேற்கொண்டு தொடுவேன்!" என்று சொல்லும். சொல்லும்போது அதற்கு இப்போதும் கொஞ்சம் கூசும். ஆனாலும் சொல்லிவிடும்.

கூலியை முன்னால் சொல்லக் கூசுகிறவர், பின்னால் அதைவிடப் பெரிய கூச்சத்தைச் சுமக்க நேரும்.