நடுவரிசையில் ரெண்டு செடி

பனிமூட்டம் இறங்கும்போது மருந்து தெளிக்காவிட்டால் ஊட்டி மலையில் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிவிடும். தான் உருவாக்கிய வெள்ளைக்கிழங்கு மட்டும் மருந்தே இல்லாமல் கருகாது என்று பண்ணை அதிகாரி தணிகைவேல் பீற்றிக்கொண்டார். கூலிக்காரி மாதிக்கு நடவு நாளிலிருந்தே சந்தேகம். மருந்தே வேண்டாதவர் மருந்தறைச் சாவியை ஏன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிகிறார்?

அறுவடை பார்க்கப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் முன்னால் தணிகைவேல் அவளைச் சீண்டினார்: "சந்தேகப்பட்டியாமே! கருகின இலை ஒண்ணு காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"இலை கிடைக்காதுங்கய்யா. நடுவரிசையில இந்த ரெண்டு செடியை மட்டும் பிடுங்கட்டுங்களா?"

பிடுங்கினாள். சிவப்புக்கிழங்கு தொங்கியது.

"இது எங்க வீட்டுக் கிழங்குங்க. நடவன்னிக்கு நான்தான் நடுவுல ஊனினேன். மருந்தடிக்காம எங்க காட்டுல நட்டது அத்தனையும் கருகிப்போச்சு. இங்க எப்படிங்கய்யா பச்சையா நிக்குது?"

பெரிய அதிகாரி தணிகைவேலிடம் கை நீட்டினார்.

"அந்தச் சாவியைக் கொடுங்க."