பின்னால் வந்த காலிப் படகு

வெள்ளாற்றுத்துறையை ஆண்ட விசயரங்க பூபதிக்கு ஓர் அபூர்வமான திறமை இருந்தது. எதைப் பற்றி ஒன்றுமே தெரியாதோ, அதைப் பற்றித்தான் அடித்துப் பேசுவார்.

அவர் கடலில் உலாப் போக ஓர் உல்லாசப் படகு தயாரானது. கட்டியவர் மந்திரி திருமேனிநாதரின் மச்சினர். அதற்கு முன் அந்த மனிதர் கட்டியது வேட்டி மட்டும்தான். ஆனாலும் படகின் முகப்பில் தங்க அன்னம், உடம்பெல்லாம் ஏழு பூச்சு வர்ணம். ராஜா பார்த்தார், சொக்கிப் போனார்.

"இதில் குறை சொல்கிறவன் தலை இருக்காது!" என்று சபையிலேயே அறிவித்துவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். கொடியாண்டி தட்டிப் பார்த்து முத்திரை வைக்காமல் எந்தப் படகும் அந்தத் துறையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. முப்பது வருஷமாகப் படகுகளைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. கையில் ஒரு மரச்சுத்தியல். நல்ல மரத்தைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். உளுத்த மரம் 'தொப்' என்னும்.

கொடியாண்டி அன்னத்தின் கீழே தட்டினார். தொப். நடுவில் தட்டினார். தொப். அடிப்பலகையில் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

மந்திரி காதோரம் குனிந்தார். "என்ன ஓய், முத்திரை வைக்கலாமா? ராஜா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

கொடியாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் இன்றே தலை போகும். முத்திரை வைத்தால் நாளை ராஜாவோடு சேர்ந்து எல்லோரும் போவார்கள்.

ராஜா வந்தார். "என்ன கொடியாண்டி, எப்படி என் படகு?"

"ஐயோ, குறைன்னு ஒண்ணு சொல்ல முடியுமா மகாராஜா! இப்பவே முத்திரை வைக்கிறேன். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் வேணும்."

"என்ன அது?"

"நாம உலாப் போறப்ப, பின்னாலேயே ஒட்டினாப்பல ஒரு பழைய மீன்படகு வரணும். யாரும் ஏறாம, காலியா."

"மீன்படகா? காலியாக எதற்கு?"

"போறப்பதான் மகாராஜா காலி. திரும்பி வர்றப்ப நாம எல்லாரும் அதிலதான் இருப்போம்."

ராஜா படகைப் பார்த்தார். மரத்தில் சிக்கி நின்ற சுத்தியலைப் பார்த்தார். பிறகு மந்திரியைப் பார்த்தார்.

"மந்திரி, நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. வெள்ளோட்டத்துக்கு நீரும் உம் மச்சினரும் போய் வாரும்."

திருமேனிநாதர் காலில் விழுந்தார். "மகாராஜா, எனக்கு நீச்சல் தெரியாதே!"

"நீச்சல் எதுக்குங்க மந்திரி?" என்றார் கொடியாண்டி. "குறையே இல்லாத படகாச்சே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தாராள மனசோடு கொடியாண்டிக்குப் பரிசும் கொடுத்தார். என்ன பரிசு? அந்தப் படகேதான்!

கொடியாண்டி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தங்க அன்னத்தோடு வீட்டுக்கு இழுத்துப் போய், கவிழ்த்துப் போட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக்கினார். முதல் மழை பெய்தது. ஆடுகள் எல்லாம் வெளியே வந்து நின்றுகொண்டன.