ஒளிவைத்தியரா, நீர்வைத்தியரா?

ஏழரண் என்ற இணைய விளையாட்டில் குரு ஆவதற்கு வயது தேவையில்லை. யார் முதலில் வந்து அதிகம் செத்தாரோ அவரே குரு. ரம்சியாவின் குழு இப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தது. அவள் மேலப்பாளையத்துக்காரி, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவளுடைய சீடர் செல்வினுக்கு நாற்பது நெருங்குகிறது. நாகர்கோவிலில் மிக்சி, கிரைண்டர் விற்கும் கடையில் விற்பனையாளர். அவர் அவளை "குருவே" என்பார், அவள் அவரை "அண்ணே" என்பாள். கேட்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது.

செல்வினின் மனைவி பிரிசில்லா மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு விடுமுறை. அன்று இரவு இருவரும் ஏழரணுக்குள் சந்தித்துக்கொள்வார்கள். போனில் பேசினால் கரண்ட் பில், மாமியாரின் முழங்கால் என்று பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். விளையாட்டில் பேசாமலேயே சேர்ந்து நடக்கலாம்.

நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறவள், இங்கேயும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேடயம் ஏந்தி முன்னால் நின்று அடி வாங்குவது அவள். பின்னால் நின்று காயம் ஆற்ற வேண்டியது செல்வின்.

அங்கேதான் வந்தது வினை. ஏழரணில் வைத்தியர்கள் இரண்டு வகை. ஒளிவைத்தியர் அடி விழுந்த பிறகு ஒரே வீச்சில் ஆற்றுவார். நீர்வைத்தியர் சொட்டுச் சொட்டாக ஆற்றிக்கொண்டே இருப்பார். செல்வினுக்கு எதை விடுவது என்று தெரியவில்லை. வகைக்கு ஒருவராக இருவரை உருவாக்கினார். ஒருவருக்குக் கவசம் வாங்கினால் மற்றவருக்கும் வாங்கினார், இரட்டைப் பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பதுபோல. கடைசியில் இரண்டு பேருமே உருப்படியாக வளரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. விளையாட்டில் கருங்கோட்டை திறந்திருக்கும் கடைசி நாளும் அதுதான். சேர்ந்து அந்தக் கோட்டைக்குள் போக வேண்டும் என்பது பிரிசில்லாவின் நெடுநாள் ஆசை. உள்ளே போய்விட்டால் வைத்தியரை மாற்ற முடியாது. போன வாரமே அவள் சொல்லியிருந்தாள்.

"அடுத்த வெள்ளியும் நீங்க பயிற்சித் திடல்ல மரப்பொம்மைக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்தா, நான் படுத்துத் தூங்கிருவேன். அதுக்கப்புறம் விளையாடக் கூப்பிடாதீங்க."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் செல்வினுக்குப் பயம்.

ரம்சியா வந்தபோது அவர் பயிற்சித் திடலில்தான் நின்றிருந்தார். எதிரே மரப்பொம்மை. பொம்மைக்கு ஒரு குறையும் இல்லை.

"குருவே, எது நல்லது? ஒளியா, நீரா?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"ஒளி. ஆனா அந்த வீச்சு வர நேரமாகுது. சரின்னு விளையாடிச் சேத்த புள்ளிய வேகத்துல ஏத்தினேன். ஏத்தினா நீர் மாதிரி ஆயிருது."

"அப்ப நீரையே எடுங்க."

"நீருக்கு வலு பத்தலியே. வலுவுல ஏத்தினா அது ஒளி மாதிரி ஆயிருது."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணா இருந்தா நான் எப்பமோ விட்டிருப்பேன். ஏதோ வித்தியாசம் இருக்கு. எங்க இருக்குன்னுதான் பிடிபடல."

 ஹெட்செட்டில் மின்விசிறிச் சத்தத்தோடு ரம்சியாவின் குரல் வந்தது.

"உங்க கடையில ஒருத்தர் ரெண்டு மிக்சிய வச்சுக்கிட்டு எது நல்லதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"உங்க தேவையப் பொறுத்ததுன்னு சொல்வேன்."

"அவர் என்ன செய்வார்?"

"முழிப்பார்." செல்வின் கொஞ்சம் யோசித்தார். "இப்ப நான் முழிக்கது மாதிரிதான்."

"வாங்கண்ணே," என்றாள் குரு.

திடலுக்கு அருகிலிருந்த ஒரு குகையின் வாசலில் வைத்து, குழுவின் பொதுக் கேடயவீரனை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க முன்னால நில்லுங்க. வைத்தியம் நான் பாக்கேன். என்கிட்ட ரெண்டு வகையும் இருக்கு. உள்ள ஒரு கல் யானை நிக்கும். அத மட்டும் பாருங்க. முதுக காட்டினீங்க, ஒரே மிதி."

செல்வின் கேடயம் ஏந்தியது அதுவே முதல் தடவை. கேடயத்தைத் தூக்கியதும் திரையில் கேடயத்தின் விளிம்பும் அதற்குமேல் யானையின் நெற்றியும்தான் தெரிந்தன. யானை முட்டியது. மறுபடி முட்டியது. கைகள் வேர்த்து மவுஸ் வழுக்கியது. உயிர் குறைந்தது, ஏறியது, குறைந்தது. யானை விழுந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் குரு.

இன்னொரு யானை வந்தது. அதுவும் விழுந்தது.

"முதல்ல நான் எதுவா வந்தேன்? ரெண்டாவது எதுவா வந்தேன்?"

"முதல்ல ஒளி," என்றார் செல்வின். பிறகு, "இல்ல, நீர். சொட்டுச் சொட்டா ஏறிச்சு. இல்லியே, அது ரெண்டாவதுல்லா?" பிறகு பாவமாக, "நான் எங்க பாத்தேன் குருவே? யானைய விட்டுக் கண்ண எடுக்க முடியல."

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு தடவையும் சாகல."

"இன்னொரு தடவை."

மூன்றாவது யானை வந்தது. முட்டியது. உயிர் குறைந்தது. ஏறவில்லை. மறுபடி முட்டியது.

"குருவே, உயிர் இறங்குது."

பதில் இல்லை.

"குருவே! இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

"அப்ப ஏதாவது செய்யுங்க!"

"கொஞ்சம் பொறுங்க. ஒளி நல்லதா நீர் நல்லதான்னு பாத்துட்டு இருக்கேன்."

"ஏதாவது ஒண்ணு! எதுன்னாலும் சரி! ஏசுவே!"

யானை மிதித்தது. திரை சாம்பல் நிறமாகியது. கேடயம் ஒரு பக்கம் கிடந்தது, வீரன் ஒரு பக்கம் கிடந்தான்.

செல்வினுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்தச் சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு கொழுப்பா என்று கேட்க வாயைத் திறந்தார். அப்போது பிரிசில்லாவின் நினைவு வந்தது. கேடயத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது இப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பிரிசில்லா ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பிரிசில்லா.

"கோட்டை வாசல்ல நிக்கேன். வாறீங்களா, நான் தூங்கவா?"

செல்வின் அவசர அவசரமாகக் குகையை விட்டு வெளியேறினார். தன் கணக்குக்குள் போனார். ஒளிவைத்தியரும் நீர்வைத்தியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்தார்கள். ஒரே உயரம், ஒரே கவசம், ஒரே செருப்பு. சுட்டி ஒருவர்மேல் போனது, திரும்பி மற்றவர்மேல் போனது, நடுவில் வந்து நின்றது.  இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"குருவே," என்றார். குரல் கெஞ்சியது. "அவ நிக்கா. நேரம் ஆகுது. இத ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. எத எடுத்துட்டுப் போக?"

மைக்கை நிறுத்தப் போன ரம்சியா கையை எடுத்துக்கொண்டாள்.

"அவங்க கேடயம் பிடிச்சிட்டு நிப்பாங்க, எதுன்னு திரும்பிப் பாக்க மாட்டாங்க அண்ணே. போங்க."