ஏறும்போது ஒருத்தி

ஆறு வருஷம் உதவி இயக்குநராகப் பிறர் படங்களுக்குக் கிளாப் பலகை அடித்த செண்பகவல்லி, தன் முதல் பேய்ப்படக் கதையோடு தயாரிப்பாளர் கோதண்டபாணியின் நாலாவது மாடி அறைக்குப் போனாள்.

"ரத்தம், இருட்டு, அலறல் எதுவும் இல்லாம, இந்தப் பட்டப்பகல்ல என்னைப் பயமுறுத்து பார்க்கலாம். முடிஞ்சா நீதான் டைரக்டர். முடியலேன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது," என்றார் அவர்.

அவள் குரலை உயர்த்தாமல் கதை சொன்னாள். ஒரு லிப்டில் ஒருவர் ஏறினால் இரண்டு பேர் இறங்குகிறார்கள். இரண்டாவது ஆளும் அச்சு அசலாக முதல் ஆளேதான். இருவரில் யார் வீட்டுக்குப் போவது?

"பயமே வரலையேம்மா," என்று கொட்டாவி விட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார் கோதண்டபாணி.

"சரிங்க ஐயா," என்று லிப்ட் கதவைத் திறந்து பிடித்தாள்.

"நீ போ. நான் படியில வரேன். நடந்தா உடம்புக்கு நல்லது."

படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தன் மானேஜரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார்.

மூச்சிரைக்கக் கீழே வந்தவர், காத்திருந்தவளின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனியாத்தானே வந்தே?"

"ஏறும்போது நான் ஒருத்திதான் ஐயா."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "படத்தை நீயே எடு. அந்த லிப்டை மட்டும் வேற கட்டடத்துல வெச்சுக்கோ."

அன்று தலைநிமிர்ந்து வெளியே வந்த செண்பகவல்லி, அதற்குப் பிறகு யார் படத்துக்கும் கிளாப் அடிக்கவில்லை.