தாழ் போடாத கதவு

பலவேசத்துக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய குரு தில்லை அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அம்மையின் முன்னால் உட்காரப் பலவேசம் தயங்குவார்.

"ஒன்பது வருசமா வீட்டுக் கதவைத் தாழ் போடாமத்தான் படுக்கேன், அம்மா," என்றார் ஒருநாள். "எம் மக மறுபடி வரவே இல்லியே, ஏன்?"

தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு, மறுவாரமே அப்பாவைப் பார்க்க ஓடி வந்து கதவைத் தட்டிய மகள். அதோடு சரி. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஒரு ஆள் சமையல், ஒரு தட்டு. வீம்பு மட்டும் பத்துப் பேருக்குக் காணும்.

"பழைய கோட்டை வாசலைப் பாத்திருக்கீங்களா? வாங்க, போவோம்," என்றார் அம்மை.

மத்தியான வெயிலில் அங்கே ஈ காக்கை இல்லை. பெருங்கதவில் இருந்த சின்னத் திட்டிவாசல் வழியே அம்மை குனிந்து உள்ளே போனார். "நீங்க அங்கேயே நில்லுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

பலவேசம் நின்றார். கதவை ஒட்டிச் சுவரில் விரல் நுழையும் அகலத்தில் ஒரு துளை. கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரே இருட்டு. தலைக்கு மேலே பெரிய துளை ஒன்று. வேளை தப்பி வந்து கதவைத் தட்டுகிறவர் தலையில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதற்கு அது என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது. தட்டப்போன கையை இறக்கிக்கொண்டார்.

நேரம் போனது. அம்மை அந்தப் பக்கமாகவே வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று தோன்றியது. இந்த உலகத்தில் தான் யாருக்கும் வேண்டாதவன் என்று நினைத்தார். அந்த வயதிலும் அழுகை வந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ஏன் தட்டல?" என்று கேட்டார் அம்மை.

"மேல அந்த ஓட்டை..."

"எண்ணெய் ஊத்தினவன் செத்து நானூறு வருசம் ஆச்சே."

"தெரியும். ஆனாலும் கை வரல்ல."

"கதவு தாழ் போட்டிருந்துதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் வெளியில நிக்கேன்."

"போடல," என்றார் அம்மை. "அன்னைக்கு உங்க மக வந்து தட்டினப்போ என்ன சொன்னீங்க?"

பலவேசம் தரையைப் பார்த்தார். "மாடியில நின்னு, உன்னைத் தலை முழுகியாச்சுன்னு சொன்னேன்."

பலவேசம் சுவரில் இருந்த சின்னத் துளையை விரலால் தடவினார்.

"அந்தக் காலத்துல வேளை தப்பி வந்த ஊர்க்காரங்க எப்படித்தான் உள்ள போனாங்க, அம்மா?"

"இந்தத் துளை வழியா உள்ள இருக்கிறவனுக்கு மட்டும்தான் வெளிய நிக்கிற ஆளு தெரியும். அதனால அவன்தான் முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடணும்." அம்மை அவர் பக்கம் திரும்பினார். "உங்க மக பேரென்ன?"

ஒன்பது வருடமாக அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. யார் விசாரித்தாலும் 'அவ' என்றுதான் சொல்லிவந்தார்.

"வடிவு," என்றார். அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா," என்றார் அம்மை. "அவ ஒன்பது வருசமா வெளியில நிக்கிறா."